ரெண்டு எர்த்து

கேக்குதா? ... இல்ல இல்ல, அப்பிடி சாஞ்சி குந்தினா கேக்காது சார். கொஞ்சம் முன்னால வாங்க. காத அந்த ஸ்பீக்கராண்ட வைங்க. இப்போ? ங்ஙொய்ய்ய்ங்... அத்தான்! அத்தேதான்! நாதஸ்வரம் வாசிக்கறவன் ஒருத்தன், அவன் கூடவே கொசு ஒண்ணு வாசிக்குது பாருங்க. இருங்க, ஆக்ஸிலேட்டர் குடுக்கறேன். ங்ஙொய்ங்... ங்ஙீய்ங்... ங்ஙீஈஈஈ... பாத்தீங்களா? மிதிக்க மிதிக்க ஏறுது. கால எடுத்தா எறங்குது. இது உங்க புள்ள பண்ண வேல.

தட்ட கீழ வைக்காதீங்க, அங்க ஆயில் கீது. மடியிலயே இருக்கட்டும். ஆப்பிள் உருளுது, புடிங்க... ஆங். ஏசி போட்டா இந்த சத்தம் தனியா கேக்காது, அதான் போடல. கொஞ்சம் வேர்க்கும், பொறுத்துக்குங்க.

இன்னாடா இவன், பொண்ணு கேட்டு வந்த மனுசன ஊட்டுக்குள்ள கூட கூப்புடாம, ஷெட்டுல நிக்கற கார்ல குந்த வெச்சி கதவ சாத்திட்டானேன்னு நெனைக்காதீங்க மனோகர் சார். ஊட்டுக்குள்ள போனா பேச்சே வேற மாதிரி பூடும். என் சம்சாரம் கோவிந்தம்மா காபிய எடுத்துகினு வந்துருவா. 'ட்ரெயின் எல்லாம் கூட்டமா அண்ணா, பெங்களூர் போயி வர்றது கஷ்டமா அண்ணா'ன்னு ஆரம்பிச்சிருவா. பொண்ணு வந்து தூணாண்ட நிப்பா. அப்பறம் இந்த வரதன் வாயத் தொறக்க முடியுமா? அதான், மொதல்ல நீங்க உங்க காதால கேட்டுடணும்னு. கேட்டுட்டீங்க இல்ல? நியாயத்த நீங்களே சொல்லுங்க. ... வேணாம், இப்ப சொல்லாதீங்க, நான் முடிச்சிடறேன்.

நான் ஒண்ணும் அநியாயம் பேசற ஆளு கிடையாது சார். போன தீபாவளி அப்ப சுனிதா வந்து எதிர்ல நின்னா. 'அப்பா, ஆண்டர்சன்பேட்டையில ரூபேஷ்னு ஒருத்தரு, கார்ல பாட்டு செட்டு மாட்டற கடை வெச்சிகீறாரு, அவரத்தான் கட்டிக்குவேன்'னா. பங்காருபேட்டையில பேங்க்ல வேல செய்யற பொண்ணு! வேற அப்பனா இருந்தா இன்னா பண்ணிருப்பான்? கத்தியிருப்பான். நான் கத்தல. ... கொஞ்சம் கத்தினேன். எதிர் ஊட்டு ஷோபா வந்து கேட்டாண்ட நின்னு, 'இன்னா அங்கிள், கரண்டு போச்சா'ன்னு கேட்டுட்டு போற அளவுக்குத்தான். அப்பால ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு சொன்னேன். 'சரிம்மா, நானும் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ்ல இருந்து ரிட்டையர்டு ஆனவன். அவனும் ஒயர் வேல. என் வண்டியில ஒரு செட்டு மாட்டட்டும். சத்தம் சுத்தமா வரட்டும். வந்துச்சின்னா கல்யாணம் பேசலாம். வரலன்னா அந்தப் பேரே இந்த ஊட்டுல கேக்கக் கூடாது.' சரின்னுட்டா சார்! சிரிச்சிகினே சரின்னா. அவன் மேல அவ்ளோ நம்பிக்க. எனக்கு வயிறு எரிஞ்சிது. என் மேல என்னிக்காவது அப்பிடி நம்பிக்க வெச்சிருக்காளா? ஊட்டுல மிக்ஸி ரிப்பேர் ஆனா கூட, 'அப்பா நீங்க தொடாதீங்க'ம்பா!

இன்னிக்குத்தான் கடைசி. சாயந்திரம் பெங்களூர் ஒயிட்ஃபீல்டுலேர்ந்து ஒரு பார்ட்டி வராங்க பொண்ணு பாக்க. பையன் கம்ப்யூட்டர் கம்பெனி. அதுக்குள்ள இந்த சத்தம் நின்னா உங்க புள்ள. நிக்கலன்னா அவங்க. நான் மட்டும் சொன்னதில்ல, அவளும் ஒத்துக்கினதுதான். வாக்கு மாற மாட்டா, என் பொண்ணு. காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்புடல. கேட்டா விரதம்ங்கறா. இன்னா விரதம் ஞாயித்துக்கெழம?

சரி, கதைக்கு வரேன். மொதல் தடவ உங்க புள்ள கடைக்கு வண்டிய எடுத்துனு போனேன். மரியாத எல்லாம் நல்லாத்தான் குடுத்தான், அத சொல்லணும். 'வாங்க சார், குந்துங்க சார்'னு தமிழ்லயும் கூப்டான், 'பன்னி சார்'னு கன்னடத்துலயும் கூப்டான். டீ வாங்கியாந்தான். செட்டு இங்க முன்னால மாட்டினான். நீங்க குந்திகீறீங்க இல்ல, அந்த சீட்டுக்கு அடியில ஆம்ப்ளிஃபயர். கரண்டு ஒயர இந்தப் பக்கமா இழுத்தான், பாட்டு ஒயர அந்தப் பக்கமா இழுத்தான். 'ரெண்டும் பக்கத்துல பக்கத்துல போவக் கூடாது சார், கரண்டு சத்தம் பாட்டுல ஏறிக்கும்'னான். சரி, வெவரம் தெரிஞ்ச பையன்தான்னு நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன், நெனச்சேன்.

அப்பறம் எர்த்து போட்டான் பாருங்க. அங்கதான் எனக்கு தூக்கி வாரி போட்டுச்சி.

சீட்டுக்கு கீழ ஒரு எடத்துல உப்புத்தாள் வெச்சி பெயின்ட்ட சொரண்டினான். தகரம் பளபளன்னு ஆச்சி. அங்க ஒரு போல்ட்டு. ஆம்ப்ளிஃபயர் எர்த்தையும் அதே போல்ட்டுல கட்டறான், செட்டு எர்த்தையும் அங்கேர்ந்து இழுத்துனு வந்து அதே போல்ட்டுல கட்டறான்! ஒண்ணே ஒண்ணு! மொத்த வண்டிக்கும் ஒத்த போல்ட்டு! அதுவும் இன்னா ஒயர்ல? கறுப்பு ஒயர்ல. கறுப்பு நியூட்ரல் சார், எர்த்துன்னா பச்ச! ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு தெரியும். இவன் கறுப்பு ஒயர எர்த்துங்கறான். கேட்டா, 'கார்ல அப்பிடித்தான் சார்'ங்கறான். கார்னா இன்னா, வேற ஒலகமா?

நான் கேட்டேன், 'தம்பி, ரெண்டாவது எர்த்து எங்க?'ன்னு. சிரிக்கறான். 'ரெண்டு வேணாம் சார். ரெண்டு எடத்துல எர்த்து குடுத்தா கிரவுண்டு லூப்பு ஆயிடும். கரண்டு ஒரு வழியா போயி இன்னொரு வழியா சுத்திகினு வரும். இன்ஜின் ஓட ஓட அந்த சத்தம் ஸ்பீக்கர்ல பாடும்'ங்கறான். லூப்பாம்! எனக்கே லூப்பு! நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒவ்வொரு மோட்டாருக்கும் ரெண்டு எர்த்து. தனித்தனியா, ரெண்டு வழியில, ரெண்டு குழிக்கு. அது ரூல் சார். ஒத்த எர்த்தோட ஒரு மோட்டார ஓட்டினான்னு வைங்க, அவன் அன்னிக்கே ஊட்டுக்கு போவலாம். கிரேனுக்கு ரெண்டு. வெல்டிங் செட்டுக்கு ரெண்டு. கேன்டீன்ல இட்லி மாவு அரைக்கற கிரைண்டருக்கு ரெண்டு. அதுக்கும் முன்னால எங்க நைனா, தங்கச் சுரங்கம் ஓடினப்ப மைன்ஸ்ல எலக்ட்ரிக் டிபார்ட்மென்ட்டு. கேஜ்ல எறங்கி, ஈரம் சொட்டற லெவல்ல பம்ப்பு பாத்தவரு. எங்க ஊட்டு ஃபேனுக்கே ரெண்டு எர்த்து போட்டவரு அவரு! நீங்க சிரிக்கறீங்க. அந்த ஃபேன் இன்னும் ஓடுது சார்.

ஆனா அன்னிக்கி கடையில செட்ட போட்டப்ப... சத்தம் இல்ல. சுத்தமா இருந்துச்சி. ஒத்துக்கறேன். இன்ஜின் ஓடுது, அவன் ஆக்ஸிலேட்டர மிதிக்கறான், ஒண்ணுமில்ல. சரிடா ராஜான்னு வண்டிய எடுத்துனு ஊட்டுக்கு வந்தேன். வந்ததும் மொதல் வேலையா, சட்டைய கூட கழட்டல, டூல்ஸ் பொட்டிய எடுத்து பச்ச ஒயர்ல ரெண்டாவது எர்த்த போட்டேன். தோ, உங்க கால் கிட்ட, கார்ப்பெட்டுக்கு அடியில போவுது பாருங்க, நல்லா வெரல் மொத்தத்துக்கு. செட்டு பின்னாலேர்ந்து பெடலாண்ட இருக்கற போல்ட்டுக்கு. எவ்ளோ நீட்டா கிளிப்பு அடிச்சிகீறேன் பாருங்க. அடிச்சி முடிச்சி செட்ட போட்டேனா... ங்ஙொய்ய்ய்ங்!

அப்பவே புரிஞ்சிடுச்சி எனக்கு. பையன் வேல மட்டம்னு.

நீங்க இன்னாவோ சொல்ல வந்தீங்க? இல்லியா. சரி.

ரெண்டாந்தடவ போனேன். அவன் கார்ப்பெட்ட தூக்கி பாத்தான். என் ஒயர பாத்தான். என்ன பாத்தான். ஒண்ணுமே பேசல சார்! மொதல் தடவ அவ்ளோ பேசின பையன், லூப்பு கீப்புன்னு பாடம் நடத்தின பையன், கம்முனு குனிஞ்சி வேல பண்ணான். பொண்ணு குடுக்கறவன்னு பயம் போல. முடிச்சி செட்ட போட்டா சத்தம் இல்ல. 'இப்ப சரியா ஆயிடுச்சி சார், அப்பிடியே வுட்டுடுங்க சார்'னான். 'அப்பிடியே வுட்டுடுங்க'ன்னா இன்னா அர்த்தம்? ஊட்டுக்கு வந்து பாக்கறேன், என் பச்ச ஒயர அவுத்து, அழகா வட்டமா சுருட்டி, டேப்பு சுத்தி, இந்த டேஷ்போர்டு டப்பாக்குள்ள வெச்சிகீறான்! நான் போட்ட எர்த்த! நைனா காலத்து ஆளுங்களா இருந்தா அந்த எடத்துலயே அறைஞ்சிருப்பாங்க. நான் பொறுமசாலி. எடுத்து திரும்பி மாட்டினேன். இந்த வாட்டி ஆம்ப்ளிஃபயருக்கும் தனியா ஒண்ணு, சீட் பெல்ட் போல்ட்டுக்கு. செட்ட போட்டேன். முன்னவிட மோசம்! ரெண்டு கொசு! அப்பன்னா பாத்துக்குங்க, தடவைக்கு தடவ அவன் வேல எப்பிடி கெட்டுகினு போவுதுன்னு.

இதுல பாருங்க, கடையில சத்தம் வராது. அதான் எனக்கு வெளங்கல. கடையில நின்னா கோயில் மாதிரி இருக்கும். ஊட்டுக்கு வந்து நான் எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணி போட்டா பேய் மாதிரி கத்தும். நான் கோவிந்தம்மாகிட்ட சொன்னேன், 'ஆண்டர்சன்பேட்டைக்கும் நம்ம கோரமண்டலுக்கும் நடுவுல எங்கியோ ரோடு சரியில்லடி, குலுங்கி குலுங்கி எதுவோ கழண்டுக்குது'ன்னு. அவ இன்னா சொன்னா தெரியுமா? 'கழண்டது வண்டியில இல்ல'ன்னா. பொம்பளைங்களுக்கு எலக்ட்ரிகல் புரியாது சார்.

அப்பால நானே ஆராய்ச்சி பண்ணேன். எர்த்து பத்தல. அதான் விசயம். பெட்ரோல் டேங்கர் பின்னால ரோட்ட தொட்டுகினு ஒரு சங்கிலி தொங்கும், பாத்திருக்கீங்களா? எதுக்கு தொங்குது? எர்த்துக்கு! ஒரு சங்கிலி வாங்கி பின்னால தொங்க வுட்டேன். வண்டி போனா கலகலன்னு சத்தம், கல்யாண ஊர்வலம் மாதிரி. கொசு போவல. சரின்னு தோ இந்த ஷெட்டுலயே, உங்க கதவுக்கு வெளிய எட்டிப் பாருங்க, சிமென்ட் மூடி தெரியுது இல்ல? எர்த்து குழி. ஆள் முழுவற ஆழம். உப்பு, கரி, உப்பு, கரின்னு அடுக்கடுக்கா போட்டு, பைப்பு எறக்கி, ஒயர் இழுத்து, ராத்திரி வண்டி நிறுத்தினா கிளிப்பு மாட்டிடுவேன். கார பாத்தா ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தறாப்ல இருக்கும். தெனம் அந்தக் குழிக்கு ஒரு பக்கெட்டு தண்ணி ஊத்தணும். நம்ம ஊர்ல தண்ணிக்கு இன்னா பாடுன்னு உங்களுக்கு தெரியாததா? கோவிந்தம்மா பக்கெட்ட கையில வெச்சிகினு, 'குடிக்கவா, குழிக்கா'ன்னு கேக்கறா. ஷோபா செவுத்துக்கு மேல எட்டிப் பாத்து, 'அங்கிள், போர் போடறீங்களா, எங்களுக்கும் ஒரு லைன் குடுங்க'ங்கறா. ஒலகத்துல நல்லது பண்றவன ஒருத்தனும் மதிக்கறதில்ல சார்.

சிரிக்காதீங்க. ... இல்ல, சிரிங்க, பரவால்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இது வெளையாட்டு இல்ல. தங்கவேலுன்னு எனக்கு ஒரு சிநேகிதன். ஆண்டர்சன்பேட்டையில சின்னதா வெல்டிங் ஷெட்டு போட்டிருந்தான். நான் எத்தினி தடவ சொன்னேன், 'டேய், ரெண்டாவது எர்த்த போடுடா, நானே வந்து போடறேன்டா'ன்னு. 'இருக்கறது போதும் மச்சான், ஞாயித்துக்கெழம வா, பாக்கலாம்'னான். இருந்த ஒண்ணும் துரு புடிச்சி உள்ளயே அறுந்திருக்குது. வெளிய பாத்தா தெரியல. மழ நாளு. கைப்புடிய தொட்டான். அவ்ளோதான் சார். நான் போயி பாக்கறப்ப அவன் பொண்ணு ஸ்கூல் யூனிபார்மோட நின்னுகினு இருந்தா. அந்தப் புள்ள மூஞ்சி... விடுங்க. அதுலேர்ந்து ஒத்த எர்த்த எங்க பாத்தாலும் ரெண்டாவது ஒண்ணு போடாம நான் நவுர மாட்டேன். இவன் என்னடான்னா ஒத்த போல்ட்டுல என் பொண்ணு போவப் போற வண்டிய கட்டி வெச்சிட்டு சிரிக்கறான்.

இன்னா சொல்றீங்க? பன்னெண்டு வோல்ட்டா? பேட்டரியில ஷாக் அடிக்காதா? அது யாரு, உங்க புள்ள சொல்லி அனுப்பினானா? பன்னெண்டோ பன்னெண்டாயிரமோ, எர்த்துன்னா எர்த்து சார்.

சரி. நீங்க நம்பல. மூஞ்சியிலயே தெரியுது. நீங்க வேல பாக்கறது பெங்களூருல பிரின்டிங் பிரஸ்ஸு, உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நான் வுட்டுட முடியாது. நாளைக்கு நாலு பேருகிட்ட, 'வரதன் வேணும்னே பண்ணான்'னு சொல்லக் கூடாது பாருங்க. செஞ்சே காட்டிடறேன். இப்ப என் எர்த்து எல்லாம் இருக்குது. இருக்கறப்பவே இந்த சத்தம். இதுவும் இல்லன்னா எவ்ளோ கேவலமா இருக்கும்னு காட்டறேன். ஒண்ணொண்ணா கழட்டறேன். நீங்க காத வெச்சி கேளுங்க. இன்ஜின் ஓடட்டும்.

மொதல்ல குழி கிளிப்பு... எடுத்துட்டேன். எப்பிடி? அதே சத்தம்தான். ஒண்ணும் மாறல. அது சரி, அது பொதுவா ஒடம்புக்கு நல்லது. சங்கிலிய மேல தூக்கி கட்டறேன்... இப்போ? அதே சத்தம். ம். இருங்க, இப்பதான் மெயின் வேல. உங்க சீட் பெல்ட் போல்ட்டு. கொஞ்சம் அந்தப் பக்கம் நவுருங்க. தட்டு ஜாக்ரத. ஸ்பேனர்... எங்க வெச்சேன்... ஆங். கழண்டுச்சி. கேளுங்க. இப்ப ஸ்பீக்கரே கிழியற மாதிரி...

கொறஞ்சிருக்குதா? உங்களுக்கும் அப்பிடித்தான் கேக்குதா? ... வெயில்ல காது அப்பிடித்தான் சார் அடைக்கும். இருங்க, கால தூக்குங்க, பெடலாண்ட போறேன். இது மொதல் மொதல்ல போட்டது. இதுதான் உயிர். இத எடுத்தா வண்டியே பிச்சிக்கும். காத மூடிக்குங்க. எடுக்கறேன். ஒண்ணு... ரெண்டு...

...

செட்டு ஆஃப் ஆயிடுச்சா?

ஓடுது. லைட்டு எரியுது. நாதஸ்வரம் கேக்குது. சார், அந்த ஆளு மூச்சு இழுக்கறது கேக்குது சார். ஒரு தடவ இழுத்து, ஒரு நிமிசம் நிறுத்தி... இத்தன நாளும் இந்தப் பாட்டுல இப்பிடி ஒரு எடம் இருக்குதுன்னே எனக்கு தெரியாது.

இன்ஜின் நின்னு போயிருக்கும். இல்ல, ஓடுது. ஆக்ஸிலேட்டர் மிதிக்கறேன் பாருங்க. மிதிக்கறேன். நல்லா மிதிக்கறேன். ... ஒண்ணுமில்ல.

இருங்க. இருங்க இருங்க. எறங்காதீங்க. இந்த ஒயர திரும்பி வைக்கறேன். சும்மா தொட்டாப்ல வைக்கறேன்... ங்ஙொய்ங். எடுத்தேன். ... வெச்சேன், ங்ஙொய்ங். எடுத்தேன். ... வெச்சேன்...

சார், நீங்க ஏன் கண்ண மூடிக்கிறீங்க? தூங்கறீங்களா? ஓ... பாட்ட கேக்கறீங்க.

உங்க புள்ளைக்கு தெரியுமா சார்? தெரியும். மொதல் நாளே தெரியும். சொன்னானே, வாயத் தொறந்து சொன்னானே. நான்தான் லூப்பு கீப்புன்னு... ரெண்டாந்தடவ சொல்லாம சுருட்டி வெச்சான். அப்பறம் மூணாந்தடவயும் போனேன், அத உங்ககிட்ட சொல்லல; அப்ப அதுவும் இல்ல, ஒயர கழட்டி என் கையிலயே குடுத்துட்டு நின்னான். ஒரு வார்த்த எதிர்த்து பேசல. 'நீங்கதான் சார் கெடுக்கறீங்க'ன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே சண்ட போட்டு, அன்னிக்கே முடிச்சிருப்பேன். சொல்லல பாருங்க, பாவி!

சுனிதாவுக்கும் தெரிஞ்சிருக்கும். அதான் அப்பிடி சிரிச்சிருக்கா. இல்ல, அப்ப தெரிஞ்சிருக்காது, அப்பறம் அவன் சொல்லியிருப்பான். தெரிஞ்சிகினே, அப்பன் தானா கண்டுபுடிக்கட்டும்னு, வாயில தண்ணி கூட வைக்காம உள்ள குந்திகீறா.

மனோகர் சார், ஒரு ஒதவி. நீங்க ஒண்ணும் கேக்கல. சரியா? நீங்க வந்தீங்க, சத்தம் இருந்துச்சி, நான் ஒயர மாட்டிடறேன், சாயந்திரம் அவங்க வந்து பாத்துட்டு... இன்னா அப்பிடி பாக்கறீங்க? நான் இப்பிடி கேக்கறது எனக்கே கேவலமாத்தான் கீது.

நான் வேணும்னு பண்ணல சார். சத்தியமா இல்ல. நம்புங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. ஒவ்வொரு தடவையும் ஊட்டுக்கு வந்து, ஒயர மாட்டி, செட்ட போட்டு, அந்த ங்ஙொய்ங் வந்துச்சி பாருங்க... அப்ப எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோசமா இருந்துச்சி. சுனிதா இன்னும் கொஞ்ச நாள் ஊட்டுலயே இருப்பாளேன்னு. ஒயிட்ஃபீல்டுக்காரன மட்டும் நான் ஆசப்பட்டா கூப்டேன்? அவளுக்கு அவன புடிக்காதுன்னு தெரிஞ்சிதான் கூப்டேன். அவன் போட்டோவ பாத்ததும் மூஞ்ச சுளிச்சா. எனக்கு நிம்மதியா தூக்கம் வந்துச்சி. யாரு வந்தாலும் கூட்டினுதான போவப் போறாங்க சார். பயமாகீது. அவ பேங்க்குலேர்ந்து வந்து கேட்ட தொறக்கற சத்தம் கேக்கலன்னா சாயந்திரம் ஆனதா எனக்கு தெரியாது. இத யாருகிட்ட போயி சொல்றது? கோவிந்தம்மாகிட்ட சொன்னா அவளும் சேந்து அழுவா. அப்பறம் ரெண்டு பேரையும் யாரு சமாதானம் பண்றது?

சார்? எங்க போறீங்க? கதவு அப்பிடி தொறக்காது, கீழ அழுத்தி... தொறந்துட்டீங்க. கோவமா? நான் பேசினதுல எதனா தப்பா... நான் வளவளன்னு பேசுவேன் சார், மனசுல ஒண்ணும் வெச்சிக்க மாட்டேன். மனோகர் சார், கேட்டு இந்தப் பக்கம்! இந்தப் பக்கமா போவணும் நீங்க! அது... அது ஊடு சார்!

அய்யய்யோ. நேரா போறாரே. கூப்புட்டா திரும்பி கூட பாக்கல. கோவிந்தம்மா! அடியே கோவிந்தம்மா, அவர நிறுத்து, நாங்க இன்னும் பேசி முடிக்கல! ... இவ இன்னாடா, முந்தானைய சரி பண்ணிகினு வந்து வாசல்ல நிக்கறா. அவரு தட்ட நீட்டறாரு. யோசிக்காம ரெண்டு கையாலயும் வாங்கறா! ஊட்டு ஆம்பள ஒருத்தன் இங்க ஸ்பேனரோட நிக்கறான், அவன ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல பாரு. தோ, சுனிதா வேற பின்னால வந்துட்டா. கால்ல வுழறா. எழுந்திரும்மா, அவரு எழுந்திருன்னு சொல்றாரு இல்ல... அழுவறாளா, சிரிக்கறாளா? இங்கேர்ந்து தெரியல.

என்னத்தான் பாக்கறாங்க மூணு பேரும். நான் இன்னா சொல்லணும்னு நிக்கறாங்க?

...

சம்பந்தீ! செருப்ப வெளிய வுடாதீங்க, தெரு நாய் தூக்கினு பூடும்! உள்ளயே வைங்க, தோ வரேன்!